செத்தும் கொடுத்தவர்: மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம்

சில ஆண்டுகளுக்கு முன் சங்க இலக்கிய வகுப்பொன்றில் கடையெழு வள்ளல்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பாரி, காரி, ஓரி, அதியன், பேகன், ஆய், நள்ளி எனக் கரும்பலகையில் பெயர்களை எழுதி, முல்லைக்குத் தேர் ஈந்ததையும் மயிலுக்குப் போர்வை அளித்ததையும் வழக்கம்போல் விளக்கி முடித்தபோது, பின்னிருக்கையிலிருந்து ஒரு மாணவி எழுந்தார்.

"ஐயா, இவர்கள் கொடுத்தார்கள் என்பது சரி. கொடுப்பதற்கு இவர்களிடம் அவ்வளவு பொருள் எங்கிருந்து வந்தது?"

மலைவளம், திறை, போரில் கொண்ட பொருள் என்று ஏதோ கூறி நிறுத்தினோம். மணி அடித்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி அன்று மாலை சத்துவாச்சாரியிலுள்ள எம் வீடு வரைக்கும் உடன் வந்தது. காரணம் உண்டு. கேட்டவர் பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனார் காலத்தில் நெல்லும் தென்னையும் விளைந்த நிலத்தின் கிணறு, தோல் கழிவால் உப்பேறிக் கைவிடப்பட்டது. அதே வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர் அவருடைய அண்ணன். அவர் படித்தது மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில். ஒரு குடும்பத்தின் கிணற்றை எடுத்துக்கொண்டதும் தோல் தொழில்தான். அக்குடும்பத்துக்குக் கல்வி கொடுத்ததும் தோல் தொழிலில் பிறந்த பெயர்தான். இந்த இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்காமல் இப்பகுதியின் வள்ளல்களைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது என்று தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

சத்துவாச்சாரியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் எதிரே நின்றால், சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்துகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கிழக்கு நோக்கிச் செல்லும் ஏதேனும் ஒன்றில் ஏறினால் அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக மேல்விஷாரம் வந்துவிடும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் அவ்வூர் இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. எல்லைகள் எப்படிப் பிரிந்தாலும், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களை ஒரே மாலையாகக் கோத்து நிற்பது தோல். அந்த மாலையின் நூல் பாலாறு.

அப்துல் ஹக்கீம் 1863ஆம் ஆண்டு மேல்விஷாரத்தில் பிறந்தார். தந்தையார் சித்தீக் உசேன் சாகிப். பிறந்த ஆண்டைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1856 சூலையில், தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்டிருந்தது. மேல்விஷாரத்துக்கு அருகிலேயே ஒரு நிலையம்! அதுவரை மாட்டுவண்டியில் நாள்கணக்கில் பயணம் செய்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த தோல்மூட்டை, இனி ஒரே நாளில் போய்ச் சேரலாம். ஹக்கீமின் தலைமுறை வணிகர்கள் பெருஞ்செல்வர்கள் ஆனதில் அவர்களுடைய உழைப்புக்கும் அறிவுக்கும் உள்ள பங்கை மறுக்கவில்லை. ஆயினும் காலம் அவர்களுக்கு முன்னே இரும்புப் பாதை போட்டு வைத்திருந்தது என்பதையும் மறத்தலாகாது.

தோலைத் தொடுவது இழிவு என்று உயர்சாதியார் ஒதுங்கிய சமூகம் நம்முடையது. அவ்விலக்கம் இல்லாத முஸ்லிம் வணிகர்கள் முதலீட்டோடு வந்தார்கள். தொழிற்கூடத்தின் சுண்ணாம்புக் குழியிலும் பட்டைக் குழியிலும் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். பதனிடும் முறை நெடியது. உப்பிட்டு வந்த பச்சைத்தோலை நீரில் ஊறவைத்து உப்பை அகற்ற வேண்டும். பிறகு சுண்ணாம்பில் இட்டு மயிரைக் கழிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் சீவ வேண்டும். அதன்பின் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெய் தடவி உலர்த்த வேண்டும். இவ்வாறு அரைகுறையாகப் பதனிட்ட தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்குப் போகும்; அங்கிருந்து கப்பலேறி இலண்டனில் ஏலம் போகும். நம் வறண்ட காடுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரைதான் அந்த ஏலக்கூடத்தின் மணத்துக்குக் காரணம் என்று எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

ஹக்கீம் சென்னைக்குச் சென்று தோல் வணிகத்தில் உயர்ந்தார். முதல் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியப் படையினரின் காலணிகளுக்குச் சென்னை மாகாணத்தின் பதனிட்ட தோல் பெருமளவில் தேவைப்பட்டது. தோல் வணிகம் செழித்தது. போர் முடிந்தபின் வந்த சரிவில் பலர் நொடித்தும் போயினர். ஏற்றமும் இறக்கமும் ஓரிரு ஆண்டுகளில் மாறி மாறி வரும் தொழில் இது. அத்தகைய தொழிலில் ஈட்டிய பொருளைப் பூட்டி வைக்காமல் பொதுவுக்கு வழங்கியவர் என்பதனாலேயே ஹக்கீமின் பெயர் நின்றது. பெயருக்கு முன்னே வழங்கும் 'நவாப்' என்பது பிறப்பால் வந்ததன்று. ஆற்காட்டு நவாபுகளின் குடியிற் பிறந்தவர் அல்லர் அவர். வணிகருக்குக் கிடைத்த சிறப்பு அது.

அவருடைய கொடைகளுள் இன்றும் பலர் கண்ணாற் காணக்கூடியது, சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு எதிரே தந்தையார் பெயரால் அவர் எழுப்பிய சித்தீக் சராய். சராய் என்பது வழிப்போக்கர் தங்கும் சத்திரம். அது ஏன் அந்த இடத்தில் அமைந்தது என்று எண்ணிப் பார்த்தோம். வட ஆற்காட்டிலிருந்து இரயிலேறும் ஒருவர் இறங்குமிடம் சென்ட்ரல். அவர் தோல் வணிகராயின் போக வேண்டிய பெரியமேடு, நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவு. மருத்துவமனைக்கு வந்தவராயின் அரசுப் பொது மருத்துவமனையும் எதிரிலேயே உள்ளது. சாதியும் சமயமும் கேட்டே திண்ணையில் இடம் கொடுத்த அந்நாளில், புதிதாக நகருக்கு வந்த ஓர் எளிய மனிதருக்கு இரவில் தலைசாய்க்க ஓரிடம் என்பது எவ்வளவு பெரிய உதவி! தானும் ஒருநாள் அந்த நிலையத்தில் மூட்டையோடு இறங்கி நின்றவருக்கே அவ்வுதவியின் அருமை தெரிந்திருக்கும் என்று கருதுகிறோம்.

இஸ்லாமிய மரபில் கொடைக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று சகாத்து; ஆண்டுதோறும் செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை எளியோர்க்கு அளிக்கும் கடமை. மற்றொன்று வக்ஃபு, ஒரு சொத்தை அறத்துக்கென ஒதுக்கிவிட்டால் முதலைத் தொடாமல் அதன் பயனை மட்டும் காலமெல்லாம் செலவிடும் முறை. முன்னது பசியைத் தீர்ப்பது. பின்னது கொடுத்தவர் மறைந்த பிறகும் கொடுத்துக்கொண்டேயிருப்பது. தோல் நகரங்களின் பள்ளிகளையும் கல்லூரிகளையும் சத்திரங்களையும் புரிந்துகொள்ள இப்பின்னாளைய நோக்கை மனத்தில் கொள்ள வேண்டும்.

வாணியம்பாடியில் முஸ்லிம் கல்விச் சங்கம் 1901இல் தோன்றியது. 1919இல் அங்கே இஸ்லாமியாக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஒரு மாவட்டத் தலைநகரம்கூட அல்லாத ஊரில், விடுதலைக்கு 28 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கல்லூரி! மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் 1918இல் பிறந்தது. அப்போது ஹக்கீமுக்கு வயது ஐம்பத்தைந்து. ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல் எழுந்தது. இவையெல்லாம் அரசாங்கத்தின் கருவூலத்திலிருந்து முளைத்தவை அல்ல; மண்டிக் கணக்கேட்டிலிருந்து முளைத்தவை.

இவ்விடத்தில் ஹக்கீமின் காலத்தவரான மற்றொரு தோல் வணிகரையும் குறிப்பிட வேண்டும். பெரியமேட்டு ஜமால் முகமது சாகிப், சென்னையில் சமயச் சொற்பொழிவுத் தொடர் ஒன்றுக்குப் பொருளுதவி செய்து வந்தார். 1925இல் சையத் சுலைமான் நத்வியும், 1927இல் மார்மடியூக் பிக்தாலும், 1929 சனவரியில் கவிஞர் இக்பாலும் அத்தொடரில் உரையாற்றினர். இக்பாலின் சென்னை உரைகள் பின்னர் உலகறிந்த மெய்யியல் நூலாயின. ஓர் ஆட்டுத்தோலின் விலை மெய்யியல் நூலாக மாறிய கதை இது. அவர் பெயரால் திருச்சிராப்பள்ளியில் 1951இல் எழுந்த கல்லூரியை அறியாத தமிழாசிரியர் இரார்.

வேலூரையே எடுத்துக்கொண்டாலும், 1902இல் ஐடா ஸ்கடர் அம்மையார் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, நியூயார்க் வங்கியாளர் இராபர்ட் ஷெல் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரில் எழுந்தது. கடல் கடந்து வந்த அக்கொடை நாற்பது படுக்கைகளாகி, பின்னாளில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக விரிந்தது. தூரத்துச் செல்வரின் கொடைக்கும் உள்ளூர்ச் செல்வரின் கொடைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தூரத்துச் செல்வரின் பணம் எங்கே விளைந்தது என்பதை நாம் காண்பதில்லை. உள்ளூர்ச் செல்வரின் பணம் விளைந்த வயல் நம் கண்முன்னே கிடக்கிறது. ஆகவே மாணவியின் கேள்வி மேல்விஷாரத்தை நோக்கியே எழும்.

நிற்க. அப்துல் ஹக்கீம் 1938இல் காலமானார். இதன்பின் பாலாற்றுக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டும்.

குரோம உப்பைக் கொண்டு பதனிடும் முறையை ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சோதித்துக் காட்டினார். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அத்தொழிலின் நினைவுச்சின்னம். ஆவாரம்பட்டையில் வாரக்கணக்கில் ஆன வேலை குரோமத்தில் சில நாள்களில் முடிந்தது. ஆயினும் வட ஆற்காட்டுக் கூடங்கள் நெடுங்காலம் பட்டையையே நம்பியிருந்தன. 1970களில் நடுவண் அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தபோது நிலைமை மாறியது. வேலைவாய்ப்பு பெருகியது, அந்நியச் செலாவணி வந்தது, உடன் குரோமமும் வந்தது. கழிவுநீர் ஏரிகளிலும் ஓடைகளிலும் பாலாற்று மணலிலும் இறங்கியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிக்கல்லாக இன்று சட்டக் கல்லூரிகளில் பயிற்றுவிக்கப்படுகிறது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிபெற்றது நம்மூர்க் கிணறுகளின் பொருட்டே! தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதாக அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. 2001இல் 29,000க்கும் மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கணக்கிடப்பட்டது. 2015 சனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். 2025 சனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒருமுறை, அரசு இழப்பீட்டை வழங்கிப் பின்னர் மாசுபடுத்தியோரிடமிருந்து அதை வசூலிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. முதல் வழக்குக்கும் இந்தக் கட்டளைக்கும் இடையே 34 ஆண்டுகள். ஒரு தலைமுறை.

இந்தக் கணக்கையெல்லாம் ஹக்கீமின் தலையில் ஏற்றுவது முறையா? ஆகாது என்பதே எம் கருத்து. அவர் வாழ்ந்த காலத்துத் தொழில் பட்டையையும் கடுக்காயையும் நம்பியது. குரோமப் பெருக்கு அவர் மறைந்து முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்தே வந்தது. ஆனால் அவர் காலத்துக்கு முழு விடுதலையும் தந்துவிட முடியாது. பச்சைத்தோலிலிருந்து கழுவப்படும் உப்பு இரண்டு முறைகளுக்கும் பொதுவானது. குழியில் நின்றவரின் புண்பட்ட கால்களும் இரண்டு காலத்துக்கும் பொதுவானவை. கூடங்கள் குறைவு, ஆறு பெரிது, ஆகையால் அன்று கேடு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறு தாங்கிக்கொண்டது. ஆறு தாங்கும் என்ற அந்த நம்பிக்கையைத்தான் பின்வந்தோர் அளவின்றிச் செலவிட்டனர்.

இப்போது சங்க காலத்துக்குத் திரும்புவோம். மாணவிக்கு அன்று விரைவில் சொல்லி நிறுத்திய விடையைச் சற்று விரித்துச் சொல்கிறோம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான காரி, அவ்வெழுவருள் மற்றொருவனான வல்வில் ஓரியைக் கொன்று, அவனுடைய கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தவன். ஒரு வள்ளலின் நாட்டை மற்றொரு வள்ளல் கொன்று கைக்கொண்டான் என்பதை நாம் பாடத்தில் விரைந்து கடந்துவிடுகிறோம். இருவரும் நம் பட்டியலில் அருகருகே இருக்கிறார்கள். பாணர்க்குக் கிடைத்த தேரும் யானையும் பொன்னும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. இதைச் சொல்வதால் காரியின் கொடை பொய்யாகிவிடாது. கொடை உண்மை; குருதியும் உண்மை. புலவர்கள் இரண்டையும் பாடியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாம்.

'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்பது தமிழ்நாட்டில் யாவரும் அறிந்த பழமொழி. கீழக்கரை வணிகரான சீதக்காதி உமறுப்புலவரைப் புரந்தவர். இறந்தபின் ஒருவர் கொடுக்க முடியுமா என்று கேட்டால், ஹக்கீமின் வாழ்க்கை விடை சொல்லும். அவர் மறைந்து 27 ஆண்டுகள் கழித்து, 1965இல், மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் அவர் பெயரால் கல்லூரி தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த அக்கல்லூரி, பின்னர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வந்தது. 1998இல் அதே பெயரில் பொறியியல் கல்லூரியும் எழுந்தது. பெண்களுக்கெனச் சங்கத்தின் கல்லூரி ஒன்றும் அவ்வூரில் நடைபெறுகிறது. அங்கே இஸ்லாமிய மாணவர் மட்டும் படிக்கவில்லை. சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழவர் மக்களும், தோற்கூடத்தில் கூலிக்கு நின்றவர்களின் மக்களும் படித்து வெளிவந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் எம் மாணவியின் அண்ணன்.

கொடையின் உண்மையான பயன் எது என்பதை இங்கேதான் உணர்கிறோம். உணவு கொடுத்தால் உண்டவர் வாழ்த்துவார். பொன் கொடுத்தால் பெற்றவர் பாடுவார். கல்வி கொடுத்தால் கற்றவர் கேள்வி கேட்பார். கொடுத்தவரையே, கொடுத்தவரின் தொழிலையே கேட்பார். மண்டிக் கணக்கேட்டிலிருந்து பள்ளிக்கூடத்தை எழுப்பிய ஒருவர், தம்முடைய கணக்கேட்டையே ஒருநாள் திறந்து படிக்கக்கூடிய ஒரு தலைமுறைக்கும் சேர்த்தே முதலீடு செய்கிறார். அவர் அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பது வேறு. கேள்வியே எழாமல் காக்கும் கொடை கையூட்டுக்குச் சமம். கேள்விக்கு இடம் தரும் கொடையே அறம்.

ஆகையால் வள்ளல் என்னும் சொல்லை நாம் மேல்விஷாரம் ஹக்கீமுக்குத் தயக்கமின்றி வழங்குகிறோம். ஆனால் அவர்வழி வந்த இன்றைய செல்வர்களுக்கு அச்சொல்லை வழங்குமுன் ஒன்று கேட்க வேண்டும். கல்லூரிக் கட்டடத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதோடு, ஆற்றுக்கு விட்ட நீரை எவ்வாறு விட்டீர்கள் என்பதையும். முன்னோர் கொடையை அவர் பெயரால் பெற்றுக்கொள்பவர், முன்னோர் விட்டுச்சென்ற கடனையும் பெற்றுக்கொண்டவரே ஆவார். இது தோல் தொழிலுக்கு மட்டும் உரிய நீதியன்று. மணல் விற்றுப் பள்ளி கட்டுவோர்க்கும், ஏரியைத் தூர்த்து மருத்துவமனை எழுப்புவோர்க்கும் இதுவே நீதி.

அடுத்த ஆண்டு அதே பாடத்தை நடத்தியபோது, ஏழு பெயர்களை எழுதிய பின் நாமே அக்கேள்வியைக் கரும்பலகையில் எழுதினோம். காரியும் ஓரியும் பற்றிய செய்தியைச் சொன்னோம். பிறகு சித்தீக் சராயைப் பற்றியும் ஆவாரம்பட்டையைப் பற்றியும் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றியும் சொன்னோம். பாடத்திட்டத்தில் இல்லாத செய்திகள்தாம். மணி அடித்த பின்னும் ஒருவரும் எழவில்லை. தத்தம் ஊரின் கிணற்றைப் பற்றியும் தத்தம் பள்ளியைக் கட்டியவரைப் பற்றியும் ஒருவர் மாற்றி ஒருவர் பேசத் தொடங்கியிருந்தார்கள்.